எம் 105: வரைபடத்தின் கடைசி ஐந்து புள்ளிகளை என்ன செய்வது?

மகம்பூரம் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இயற்பியல் முதுகலை, கடைசி வருடம். ப்ராஜெக்டுக்கு எம் 105 பேரடையை எடுத்திருக்கிறேன். சிம்மத்தில், மகத்துக்கும் பூரத்துக்கும் நடுவில், சிங்கத்தின் வயிற்றுக்குக் கீழே இருக்கிற நீள்வட்டப் பேரடை. தொலைவு சுமார் மூன்றரைக் கோடி ஒளியாண்டு. மையத்திலிருந்து வெளியே போகப் போக அதன் ஒளி எப்படிக் குறைகிறது என்று அளப்பதுதான் வேலை.

பொதுக் காப்பகம் ஒன்றிலிருந்து சிவப்பு வடிகட்டியில் எடுத்த படத்தை இறக்கினேன். பதின்மூன்றரைக் கலை அகலம், சுமார் பத்துக் கலை உயரம் (பாகைக்கு 60 கலை, கலைக்கு 60 விகலை). ஒரு பிக்சல் 0.4 விகலை. பைத்தானில் சம ஒளிக்கோடுகளுக்கு நீள்வட்டம் பொருத்தி, ஒவ்வொரு நீள்வட்டத்திலும் சராசரி ஒளியை எடுத்து, வானத்தின் ஒளியைக் கழித்து, சதுர விகலைக்கு இத்தனை பொலிவெண் (எண் கூடினால் மங்கல்) என்று மாற்றினேன். அதை ஆரத்தின் கால் அடுக்குக்கு எதிராக, அதாவது வர்க்கமூலத்தின் வர்க்கமூலத்துக்கு எதிராக வரைந்தேன். 3 விகலையிலிருந்து 150 விகலை வரை அடிக்கோல் வைத்து இழுத்த மாதிரி நேர்கோடு. அன்றைக்கு ராத்திரி தூக்கமே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

பிரச்சினை கடைசி ஐந்து புள்ளிகளில். வான ஒளியை இடது மேல் மூலையில் பெட்டி போட்டு எடுத்தால் அந்த ஐந்தும் கோட்டைவிட்டுக் கீழே விழுகின்றன. வலது கீழ் மூலையில் எடுத்தால் மேலே வளைகின்றன. இரண்டு பெட்டிக்கும் இடையில் வான ஒளியில் அரை சதவீத வித்தியாசம்கூட இல்லை. ஆனால் செர்சிக் எண் (ஒளிச்சரிவின் வடிவத்தைச் சொல்லும் எண்) முதல் வழியில் நாலுக்கு நன்றாகக் கீழே, இரண்டாவது வழியில் ஐந்துக்கு மேலே. மொத்த ஒளியில் பாதி அடங்கும் அரை ஒளி ஆரமும் அதோடு சேர்ந்து ஓடுகிறது. ஏதாவது ஒன்றை வைத்து எழுதி முடி என்கிறார்கள் இங்கே. எனக்கு மனசு ஒப்பவில்லை.

பனைநிழல் எழுதியது:

தம்பி, நான் லென்ஸ் வைத்துப் படம் பிடிக்கிற ஆள். உங்கள் கணக்கு முழுக்க விளங்காது. அதற்கு முதல் ஒரு அடிப்படைக் கேள்வி. பேரடை தூரப் போனால் மங்கும். அப்படியென்றால் சதுர விகலைக்கு இத்தனை என்று சொல்லுவது தூரத்தோடு மாறாதா? ஒரு பேரடையை இன்னொன்றோடு எப்படி ஒப்பிடுவது?

வெள்ளிவீதி எழுதியது:

மாறாது, அண்ணா. தொலைவு இரண்டு மடங்கானால் மொத்த ஒளி கால் பங்காகும். அதே நேரம் வானத்தில் அது அடைக்கும் பரப்பும் கால் பங்காகும். இரண்டும் அடிபட்டுப் போவதால் ஒரு சதுர விகலையில் விழும் ஒளி அப்படியே இருக்கும். அண்டம் விரிவதால் வரும் மங்கல் வெகு தொலைவில் உள்ளவற்றுக்குத்தான் பெரிதாகும். மூன்றரைக் கோடி ஒளியாண்டு பக்கத்து வீடு. அதனால்தான் பரப்புப் பொலிவை வைத்தே பக்கத்துப் பேரடைகளின் அமைப்பை ஒப்பிட முடிகிறது.

மகம்பூரத்துக்கு: நீ கேட்டது சரியான கேள்வி. அவசரப்பட்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்காதே. நாளைக்கு விரிவாக எழுதுகிறேன். அதற்குள் இரண்டு விஷயம் சொல். படத்தில் பக்கத்துப் பேரடை என்ஜிசி 3384 எங்கே இருக்கிறது? அதை மறைத்தாயா, எவ்வளவு தூரத்துக்கு?

கல்தூண் எழுதியது:

தம்பி எடுத்திருப்பது சாதாரணப் பேரடை இல்லை என்பதை முதலில் எல்லோருக்கும் சொல்லிவிடுகிறேன். பேரடையின் ஒளிச்சரிவை அளப்பது நூறு வருடத்துக்கு மேற்பட்ட வேலை. பர்மிங்ஹாமில் உலோகத் தொழில் நடத்திக்கொண்டே வானத்தையும் பார்த்துவந்த ஜான் ரெனால்ட்ஸ், 1913இல் ஆந்திரமேடாவின் நடுப்பகுதி ஒளி எப்படிக் குறைகிறது என்று புகைப்படத் தகட்டில் அளந்து வெளியிட்டார். அது நம் பால்வழிக்கு வெளியே உள்ள இன்னொரு பேரடை என்றே அப்போது முடிவாகவில்லை! 1930இல் ஹப்பிள் நீள்வட்டப் பேரடைகளுக்கு ஒரு சூத்திரம் கொடுத்தார். 1948இல் ஜெரார் தெ வொக்குலூர் கால் அடுக்கு விதியைக் கொண்டுவந்தார். அப்புறம் 1960களில் அர்ஜென்டினாவின் கோர்டோபாவில் இருந்த ஹோசே லூயிஸ் செர்சிக் அந்த "கால்" என்பதை எந்த எண்ணாகவும் வைக்கலாம் என்று பொதுமைப்படுத்தினார். செர்சிக் எண் நாலு என்றால் தெ வொக்குலூர் விதி, ஒன்று என்றால் வட்டுப் பேரடைகளின் அடுக்குக்குறிச் சரிவு (சம தூரத்துக்குச் சம விகிதத்தில் குறைவது).

இப்போது முக்கியமான விஷயம். 1979இல் தெ வொக்குலூரும் கப்பாச்சியோலியும் சேர்ந்து, இனி ஒளிச்சரிவு அளக்கிறவர்கள் தங்கள் கருவியைச் சரிபார்க்க ஒரு அளவுகோல் பேரடை வேண்டும் என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். என்ஜிசி 3379. அதுதான் எம் 105. சுமார் பத்துப் பொலிவெண் அளவுக்கு, அதாவது பத்தாயிரம் மடங்கு ஒளி வித்தியாசத்துக்கு, அது கால் அடுக்கு விதியை ஒட்டிப் போகிறது என்று காட்டினார்கள்.

ஆகவே என் யோசனை எளிது. விடை நாலு என்று தெரியும். கடைசிப் புள்ளிகளும் நேர்கோட்டில் உட்காரும்படி வான ஒளியைச் சரிசெய்துகொள்ளுங்கள். அளவுகோல் இருப்பதே அதற்குத்தானே.

மகம்பூரம் எழுதியது:

நன்றி சார். இந்த வரலாறு எனக்குத் தெரியாது. எங்கள் புத்தகத்தில் சூத்திரம் மட்டும்தான் இருக்கிறது.

வெள்ளிவீதி அக்கா, என்ஜிசி 3384 படத்தின் ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டுத் தெரிகிறது. கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு வட்டம் போட்டு மறைத்தேன். இடது மேல் மூலை அந்தப் பக்கம்தான்.

இரவுப்பேருந்து எழுதியது:

இதில் என்ன குழப்பம்? கேல்ஃபிட் மாதிரி ஒரு நிரலில் முழுப் படத்தையும் கொடுத்து, பேரடைக்கு ஒரு செர்சிக், பக்கத்துப் பேரடைக்கு இரண்டு, வானத்துக்கு ஒரு மாறிலி என்று எல்லாவற்றையும் ஒன்றாகப் பொருத்தச் சொன்னால் வானத்தையும் அதுவே கண்டுபிடித்துக்கொள்ளும். கையால் பெட்டி போடவே தேவையில்லை. ஆபீசில் நாங்கள் எல்லா மாடலும் இப்படித்தான் ஓட்டுகிறோம்.

வெள்ளிவீதி எழுதியது:

வாக்குக் கொடுத்தபடி எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் எண்களைக் கையில் எடுத்துப் பார்ப்போம். நல்ல இருட்டான இடத்தில், அமாவாசை இரவிலும் வானம் கறுப்பு இல்லை. வளிமண்டலம் தானே மங்கலாக ஒளிர்கிறது, சூரியக் குடும்பத்துத் தூசும் சூரிய ஒளியைச் சிதறடிக்கிறது. சிவப்புப் பட்டையில் வானத்தின் பொலிவு சதுர விகலைக்குச் சுமார் 21 பொலிவெண். அந்த வான ஒளியை ஆயிரம் பங்கு என்று வைத்துக்கொள்வோம். எம் 105இன் நேர்கோட்டை வெளியே நீட்டிப் பார்த்தால், மையத்திலிருந்து 220 விகலையில் பேரடையின் பங்கு ஏறத்தாழ 35. 300 விகலையில் 15. 400 விகலையில் 6. படத்தின் மூலை ஏறக்குறைய 480 விகலையில் இருக்கிறது. அங்கே 3 அல்லது 4.

அதாவது நீ வானம் என்று பெட்டி போட்டு எடுத்த இடத்திலேயே பேரடை இருக்கிறது. அந்த 3 பங்கையும் வானம் என்று சொல்லி எல்லா இடத்திலிருந்தும் கழித்துவிட்டாய். மையத்துக்குப் பக்கத்தில் அது ஒன்றுமே இல்லை. 300 விகலையில் 15இல் 3 போனால்? கால் பொலிவெண் கீழே விழும். இடது மேல் மூலையில் என்ஜிசி 3384இன் ஒளியும் சேர்ந்துகொள்வதால் இன்னும் அதிகம் விழுந்திருக்கும். உன் ஐந்து புள்ளிகள் விழுந்த கதை இதுதான்.

அடுத்தது, அது ஏன் செர்சிக் எண்ணை இப்படி ஆட்டுகிறது. கால் அடுக்கு விதியில் மொத்த ஒளியில் பாதி அரை ஒளி ஆரத்துக்குள் இருக்கும், அது வரையறை. அந்த ஆரத்தின் நாலு மடங்கு வரை போனாலும் 85 சதவீதம்தான் உள்ளே வரும். மீதி 15 சதவீதம் அதற்கும் வெளியே, வானத்தோடு வானமாகக் கலந்து கிடக்கும். வட்டுப் பேரடைகளின் அடுக்குக்குறிச் சரிவில் அதே நாலு மடங்குக்குள் 99 சதவீதம் அடங்கிவிடும். எம் 105 மாதிரிப் பேரடையில் "பாதி ஒளி" என்று சொல்லவே முழு ஒளி எவ்வளவு என்று தெரிய வேண்டும். முழு ஒளி தெரிய அந்த வெளிப்பகுதி தெரிய வேண்டும். வெளிப்பகுதி தெரிய வானம் தெரிய வேண்டும். அரை ஒளி ஆரம் ஏதோ பேரடைக்குள் ஸ்கேல் வைத்து அளக்கிற நீளம் மாதிரித் தோன்றும். உண்மையில் அதன் பாதி விலை வானத்தில்தான் நிர்ணயமாகிறது.

கல்தூண் ஐயா, மன்னிக்க வேண்டும், உங்கள் யோசனையை ஏற்க முடியவில்லை. நாலு வரும்படி வானத்தைச் சரிசெய்துவிட்டு, பிறகு அளந்தேன், நாலு வந்தது என்று எழுதினால் அது விடையைப் பார்த்துவிட்டுக் கணக்குப் போடுகிற வேலை. அந்த மாணவர் எதையுமே அளக்கவில்லை என்றாகிவிடும்.

இரவுப்பேருந்து சொன்னதிலும் அதே சிக்கல் வேறு உருவத்தில் இருக்கிறது. இவ்வளவு சிறிய படத்தில் செர்சிக் எண்ணும் வானமும் ஒன்றையொன்று ஈடுகட்டும். எண்ணைக் கொஞ்சம் கூட்டி வானத்தைக் கொஞ்சம் குறைத்தாலும் நிரலுக்குப் பொருத்தம் அதேதான். அது ஒரு விடையைக் கொடுக்கும், மிகச் சிறிய பிழையும் போட்டுக் கொடுக்கும். அந்தப் பிழை ஃபோட்டான் எண்ணிக்கையிலிருந்து வருவது. வானத்தைப் பற்றிய நம் தெரியாமை அதில் இல்லை.

இரவுப்பேருந்து எழுதியது:

ஒத்துக்கொள்கிறேன். இப்போதுதான் சும்மா ஒரு செயற்கைப் பேரடை உருவாக்கி ஓட்டிப் பார்த்தேன். எண் நாலு என்று நானே போட்டது. படத்தைச் சிறிதாக வெட்டிக் கொடுத்து, உள்ளே போட்ட இரைச்சலை (தற்செயல் ஏற்ற இறக்கத்தை) மட்டும் மாற்றி மாற்றி ஓட்டினால் விடை நாலைச் சுற்றி ஆடுகிறது. எண் கூடுகிற ஓட்டங்களில் எல்லாம் வானம் குறைகிறது. இரண்டையும் வரைந்தால் ஒரே சாய்வான கோடு. மகம்பூரம், நீங்களும் உங்கள் ப்ராஜெக்டில் இதைச் செய்யலாம். விடை தெரிந்த பேரடையைப் படத்துக்குள் போட்டு, உங்கள் முறை அதைத் திருப்பித் தருகிறதா என்று பார்ப்பது. நிரல் வேண்டுமானால் அனுப்புகிறேன்.

கல்தூண் எழுதியது:

வெள்ளிவீதி சொல்வதில் நியாயம் இருக்கிறது. நான் கருவியைச் சரிபார்ப்பவன் நிலையில் நின்று பேசினேன், தம்பி அளக்கிறவன். இரண்டும் வேறு.

ஆனால் ஒன்று கேட்கிறேன். 1979இல் அவர்களுக்கு மட்டும் வானம் எப்படித் தெரிந்தது? தகட்டில் எடுத்ததுதானே?

வெள்ளிவீதி எழுதியது:

தகட்டின் பெரிய பலமே அகலம்தான் ஐயா. பெரிய தகட்டில் பேரடையிலிருந்து வெகுதூரம் தள்ளி வானம் கிடைக்கும். பிற்காலத்து சிசிடி (ஒளியைப் பதியும் மின்னணுச் சில்லு) தகட்டைவிட எவ்வளவோ நுண்மையானது, நேர்விகிதமாக அளக்கும், ஆனால் நெடுங்காலம் சின்னச் சில்லாகவே இருந்தது. பக்கத்துப் பேரடைகள் அதற்குள் அடங்கவில்லை. ஒன்று கிடைத்தது, ஒன்று போயிற்று.

பனைநிழல் எழுதியது:

அகலம்தான் தேவை என்றால் என்னுடைய 400 மில்லிமீட்டர் லென்ஸ் உதவுமா? அதில் எம் 95, எம் 96, எம் 105 மூன்றும் ஒரே படத்தில் வரும். பங்குனி, சித்திரையில் முன்னிரவிலேயே சிம்மம் உச்சிக்கு வந்துவிடும். கடற்கரைப் பக்கம் போனால் கிழக்கு நல்ல இருட்டு.

வெள்ளிவீதி எழுதியது:

அண்ணா, நீங்கள் விளையாட்டாகக் கேட்டீர்களோ என்னவோ, அது பெரிய யோசனை! ராபர்ட்டோ ஆபிரகாமும் பீட்டர் வான் டோக்குமும் செய்தது அதுவேதான். 2014இல் அவர்கள் அறிமுகப்படுத்திய டிராகன்ஃபிளை என்ற கருவி, கேனன் 400 மில்லிமீட்டர் லென்ஸ்களை ஒன்றாக அடுக்கி ஒரே இடத்தைப் பார்க்க வைத்தது. முதலில் எட்டு, பிறகு 48. பெரிய தொலைநோக்கியில் இல்லாத ஒரு குணம் அந்த லென்சுகளில் இருக்கிறது. கண்ணாடிப் பரப்பில் ஒளி சிதறுவது மிகக் குறைவு.

அந்தச் சிதறலைப் பற்றி இங்கே யாரும் இன்னும் பேசவில்லை. ஒரு விண்மீனின் பிம்பம் இரண்டு மூன்று விகலையோடு முடிந்துவிடாது. அதைச் சுற்றி மங்கலான ஒளிவட்டம் வெகுதூரம் போகும். ஐவன் கிங் 1971இலேயே அளந்து காட்டினார். பேரடையின் பிரகாசமான மையத்துக்கும் அதே ஒளிவட்டம் உண்டு. அது வெளியே விழுந்து, அங்கே இல்லாத விண்மீன்கள் இருப்பது போலக் காட்டும்.

உங்கள் லென்ஸில் எடுத்தால் எனக்கு வேண்டியது ஃபிளாட் படம், அதாவது படத்தின் நடுவுக்கும் ஓரத்துக்கும் உள்ள ஒளி ஏற்றத்தாழ்வைச் சரிசெய்யும் படம். பலகையையோ அந்தி வானத்தையோ எடுக்காமல், பேரடையே இல்லாத பக்கத்து இருட்டு வானத்தை அதே இரவில் மாறி மாறி எடுத்து, அந்தப் படங்களையே ஃபிளாட்டாகப் பயன்படுத்துங்கள். கிட் பீக்கில் பரெல் ஷ்மிட் தொலைநோக்கியை வைத்து வேலை செய்தவர்கள் அப்படித்தான் செய்தார்கள். எம் 105 உள்ள எம் 96 பேரடைக் கூட்டம் முழுவதையும் அவர்கள் மிக ஆழமாகப் படம் எடுத்து 2014இல் வெளியிட்டார்கள். சதுர விகலைக்கு 30 பொலிவெண் வரை போயிருக்கிறார்கள். இருட்டு வானத்தைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் மங்கல். பேரடைகளுக்கு இடையில் சிதறிக் கிடக்கும் விண்மீன் ஒளி அந்தக் கூட்டத்தில் மிகக் குறைவு என்பது அவர்கள் கண்டது. இத்தனைக்கும் எம் 105ஐயும் என்ஜிசி 3384ஐயும் சுற்றி ஆறு லட்சம் ஒளியாண்டுக்கு மேல் விட்டமுள்ள ஹைட்ரஜன் வாயு வளையம் ஒன்று இருக்கிறது. 1983இல் ரேடியோவில் கண்டுபிடித்தது.

பனைநிழல் எழுதியது:

விளையாட்டில்லை தங்கச்சி. வார இறுதியில் மழை இல்லையென்றால் போகிறேன். அரை மணித்தியாலம் பேரடை, அரை மணித்தியாலம் வெறும் வானம், சரிதானே?

வெள்ளிவீதி எழுதியது:

ஐந்து ஐந்து நிமிடமாக மாற்றுங்கள். அரை மணியில் வானமே மாறிவிடும். வளிமண்டல ஒளிர்வு ஒரு இரவில் ஒரே அளவில் நிற்காது.

மகம்பூரம் எழுதியது:

படிக்கப் படிக்க மலைப்பாக இருக்கிறது. அக்கா, இன்னொரு சந்தேகம். என் நீள்வட்டங்களின் நீண்ட அச்சு வடக்கிலிருந்து கிழக்காக 70 பாகைக்குப் பக்கத்தில் வருகிறது. என்ஜிசி 3384இன் ஆயங்களை வைத்து அது எந்தத் திசையில் இருக்கிறது என்று கணக்கிட்டேன். 67 பாகை! தூரம் ஏழு கலை சொச்சம். பக்கத்துப் பேரடையின் ஒளி என் நீள்வட்டத்தை அந்தப் பக்கம் இழுத்துவிட்டதா? அப்படியானால் நீள்வட்ட வடிவமே பொய்யா?

வெள்ளிவீதி எழுதியது:

இதைக் கவனித்ததற்கே உன்னைப் பாராட்ட வேண்டும். பயப்படாதே. 10 விகலையில் அச்சு எங்கே நிற்கிறது என்று பார். அங்கே எம் 105 அவ்வளவு பிரகாசம், பக்கத்துப் பேரடையின் ஒளிக்கு அங்கே எந்தச் செல்வாக்கும் இல்லை. அங்கேயும் 70 என்றால் அது பேரடையின் சொந்த வடிவம். திசை ஒத்துப்போவது வேறு விஷயம்.

ஆனால் 200 விகலைக்கு மேல் உன் சந்தேகம் நியாயம். என்ஜிசி 3384 இருக்கிற வடகிழக்குப் பாதியில் இரண்டு பேரடைகளின் ஒளியும் ஒன்றன்மேல் ஒன்று விழுகிறது. கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு மட்டும் மறைத்தாய் என்று சொன்னாய், கண்ணுக்குத் தெரியாதது பெரிய அளவில் மிச்சம் இருக்கும். உன் இரண்டாவது வரைபடம் மேலே வளைந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். வெளி நீள்வட்டங்களுக்குத் தென்மேற்குப் பாதியை மட்டும் எடு. வடகிழக்குப் பாதியைத் தனியாக வரைந்து இரண்டையும் ஒரே தாளில் வை. இரண்டும் எந்த ஆரத்தில் பிரிகின்றன என்று பார். அந்த இடத்தைத் தாண்டி வடகிழக்கில் எதையும் நம்பாதே.

மையத்துப் பக்கமும் 3 விகலைக்குக் கீழே பொருத்தாதே. வளிமண்டலக் கலக்கம் ஒரு விகலைக்கு மேல் பரப்பிவிடும். அதோடு எம் 105க்கு உண்மையிலேயே தட்டையான மையம் உண்டு. ஹப்பிள் தொலைநோக்கியில் கடைசி ஒன்றிரண்டு விகலையில் ஒளி ஏறாமல் கிடப்பது தெரிகிறது. இரண்டு பெரிய கருந்துளைகள் ஒன்றையொன்று சுற்றி, நடுவில் இருந்த விண்மீன்களை வெளியே எறிந்துவிட்டன என்பது அதற்குச் சொல்லப்படும் விளக்கம்.

சாளரம் எழுதியது:

நான் கணித ஆசிரியர், இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். வானப் பிரச்சினை முழுக்கத் தீர்ந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். இந்த நீள்வட்டங்கள் எல்லாம் வானத்தில் விழுந்த நிழல்தானே? ஒரு தோசைக்கல்லை மேலிருந்து பார்த்தாலும் வட்டம், பந்தைப் பார்த்தாலும் வட்டம். எம் 105 தட்டையா உருண்டையா என்று ஒளியை வைத்து எப்படிச் சொல்கிறார்கள்?

வெள்ளிவீதி எழுதியது:

ஒளியை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அதைக் கணிதமாகவே நிறுவியிருக்கிறார்கள். ஒரு அச்சைச் சுற்றிச் சமச்சீரான பொருளைப் பக்கவாட்டில் சரியாகப் பார்த்தால் மட்டுமே அதன் முப்பரிமாண வடிவத்தைப் படத்திலிருந்து ஒரே விதமாக மீட்க முடியும். கொஞ்சம் சாய்ந்தாலும் தகவலில் ஒரு பகுதி படத்துக்கே வந்து சேராது. படத்தை அலைகளாகப் பிரித்துப் பார்க்கும் ஃபூரியே வெளியில் அந்தப் பகுதி ஒரு கூம்பு வடிவில் இருக்கும். ஜார்ஜ் ரைபிக்கி 1987இல் காட்டினார். அறியாமைக் கூம்பு என்றே அதைச் சொல்வார்கள். சாய்வு கூடக் கூட, மேலிருந்து பார்க்கிற நிலைக்குப் போகப் போக, அந்தக் கூம்பு அகலமாகும். நீங்கள் சொன்ன தோசைக்கல் அதன் உச்சகட்டம்.

எம் 105க்கு இது வெறும் கணிதக் கேள்வியாக நிற்கவில்லை. கல்தூண் ஐயா சொன்ன அதே கப்பாச்சியோலி, 1991இல் மற்றவர்களோடு சேர்ந்து, இது என்ஜிசி 3115 மாதிரி வட்டு உள்ள ஒரு பேரடையாகவே இருக்கலாம், நாம் அதை நேராக மேலிருந்து பார்ப்பதால் உருண்டையாகத் தெரிகிறது என்று வாதிட்டார். நீள்வட்டப் பேரடைகளுக்கே அளவுகோல் என்று தேர்ந்தெடுத்தது நீள்வட்டப் பேரடைதானா என்ற கேள்வி!

கல்தூண் எழுதியது:

இது எனக்குப் புதுச் செய்தி. அவரே கேட்டாரா? அப்படியானால் அவர்மேல் மரியாதை இன்னும் கூடுகிறது.

வெள்ளிவீதி எழுதியது:

எனக்கும் அப்படித்தான் ஐயா. அந்தக் கேள்வி பின்னால் பெரிய விவாதத்திலும் வந்து நின்றது. 2003இல் ரோமனோவ்ஸ்கியும் கூட்டாளிகளும் எம் 105 உள்ளிட்ட சில சாதாரண நீள்வட்டப் பேரடைகளின் வெளிப்பகுதியில் கோள்வடிவ நெபுலாக்களின் (முதிர்ந்த விண்மீன்கள் உதறிய ஒளிரும் வாயுக்கூடுகளின்) வேகத்தை அளந்தார்கள். வேகம் எதிர்பார்த்ததைவிட வேகமாகக் குறைந்தது, ஒளி தராமல் ஈர்ப்பால் மட்டும் தெரியும் கரும்பொருள் அதிகம் இல்லையோ என்று எழுதினார்கள். 2005இல் டெக்கெலும் மற்றவர்களும், அந்த விண்மீன்கள் மையத்தை நோக்கி நீண்ட பாதைகளில் ஓடினால் கரும்பொருள் இருந்தும் வேகம் குறைவாகவே தெரியும் என்று பதில் சொன்னார்கள். பேரடை தட்டையா, எந்தப் பக்கம் பார்க்கிறோம், ஓட்டப் பாதை எப்படி என்பதெல்லாம் சேர்ந்துதான் நிறையைத் தீர்மானிக்கிறது. ஒளிச்சரிவு அதில் முதல் படி. அந்தப் படி ஆடினால் மேலே கட்டுவதெல்லாம் ஆடும்.

சாளரம் எழுதியது:

புரிந்தது. அடுத்த வாரம் பிளஸ் டூ வகுப்பில் கூம்பு வெட்டு நடத்தப் போகிறேன். டார்ச்சும் தட்டும் எடுத்துக்கொண்டு போகிறேன்.

மகம்பூரம் எழுதியது:

பத்து நாள் கழித்து வருகிறேன். செய்ததைச் சொல்கிறேன்.

அதே காப்பகத்திலிருந்து சுற்றியுள்ள படங்களையும் இறக்கி, காப்பகம் ஏற்கெனவே கழித்திருந்த வானத்தைத் திரும்பக் கூட்டி, எல்லாவற்றையும் ஒட்டினேன். இந்த ஒட்டுவேலைக்கே ஐந்து நாள் போயிற்று. பிறகு எம் 105இலிருந்து அரைப் பாகைக்கு அப்பால், எம் 96 பக்கம் போகாமல், விண்மீன்களை மறைத்துவிட்டு முப்பது பெட்டிகள் போட்டேன். பெட்டிக்குப் பெட்டி வானம் ஆயிரத்தில் இரண்டு பங்கு வித்தியாசப்படுகிறது. அக்கா சொன்ன ஆயிரம் பங்குக் கணக்கில் பார்த்தால் 400 விகலையில் பேரடையே 6 பங்குதான். அங்கே என்னால் எதுவும் சொல்ல முடியாது என்பது அப்போதுதான் உறைத்தது. 300 விகலையில் நிறுத்திக்கொண்டேன்.

வடகிழக்கும் தென்மேற்கும் 170 விகலைக்குப் பக்கத்தில் பிரிய ஆரம்பிக்கின்றன. அச்சு 10 விகலையிலும் 70 பாகைதான், மாறவில்லை. வெளியே தென்மேற்குப் பாதியை மட்டும் வைத்துப் பொருத்தினேன். இரவுப்பேருந்து அண்ணன் கொடுத்த நிரலை வைத்து இருநூறு செயற்கைப் பேரடைகளை வானத்தின் வெவ்வேறு இடங்களில் போட்டுத் திரும்ப அளந்தேன். அதிலிருந்துதான் பிழை போட்டிருக்கிறேன். செர்சிக் எண் நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில் வருகிறது, பிழை எல்லைக்குள் நாலும் அடங்குகிறது. அரை ஒளி ஆரத்தின் பிழை நான் முதலில் எழுதியிருந்ததைப் போல ஏழு மடங்கு. அதைப் பெரிதாகவே எழுதிவிட்டேன். கூடவே 50, 100, 200 விகலைக்குள் விழும் மொத்த ஒளியையும் தனித்தனியாகக் கொடுத்திருக்கிறேன், அவற்றுக்கு எந்தச் சூத்திரமும் வேண்டாம் என்பதால்.

அட்டவணையை இணைத்திருக்கிறேன். முதல் வரைபடத்தையும் அழிக்கவில்லை, பின்னிணைப்பில் இரண்டு மூலைகளோடும் வைத்திருக்கிறேன்.

கல்தூண் எழுதியது:

அட்டவணையைப் பிரிண்ட் எடுத்து, மில்லிமீட்டர் தாளில் கையால் புள்ளி வைத்துப் பார்த்தேன், பழைய பழக்கம். 3 விகலையிலிருந்து 170 வரை நூல் பிடித்த மாதிரி. அதற்கப்புறம் உன் பிழைக்கோடுகள் அகலமாகிக்கொண்டே போகின்றன. அப்படித்தான் இருக்க வேண்டும். பொருத்தக் கோட்டிலிருந்து விலகலைத் தனியாக வரைந்தாயா?

பனைநிழல் எழுதியது:

நேற்று இரவுதான் வானம் திறந்தது. இரண்டரை மணித்தியாலம் கிடைத்தது, ஐந்துக்கு ஐந்தாக மாற்றி மாற்றி. கடைசி இருபது நிமிடம் மெல்லிய முகில் வந்துவிட்டது, அதைச் சேர்க்கவில்லை. மூலப் படங்களை எல்லாம் ஏற்றிக்கொண்டிருக்கிறேன், இணையம் மெதுவு. மூன்று பேரடையும் ஒரே சட்டத்துக்குள். தம்பி, உங்கள் 300 விகலைக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று இதில் பாருங்கள்.

வெள்ளிவீதி எழுதியது:

மகம்பூரம், அட்டவணையில் 22ஆவது வரி: 212 விகலையில் பிழை, அதற்கு முந்தைய வரியின் பிழையைவிடக் குறைவாக இருக்கிறது. வெளியே போகப் போகக் கூடத்தான் வேண்டும். அந்த நீள்வட்டத்தில் மறைப்பு எத்தனை பிக்சலை விழுங்கியது என்று பார். தென்மேற்கில் ஒரு பிரகாசமான விண்மீனின் ஓரம் அதற்குள் வருகிறது என்று நினைக்கிறேன். பனைநிழல் அண்ணன் படம் வந்ததும் அதே இடத்தை அதிலும் பார்ப்போம்.